சுற்றின் மறுபாதி: மனிதரும் விலங்குகளும் பகிர்ந்துகொள்ளும் ஒட்டுண்ணி நோய்கள்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் செப்பமிட்ட எழுத்து வடிவம்)



மருத்துவ மாணவர்களும் கால்நடை மருத்துவ மாணவர்களும் ஒரே அரங்கில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்க மகிழ்ச்சியாக இருக்கிறது. நான் சொல்ல வந்ததே இந்த இருக்கை ஒழுங்கைப் பற்றித்தான். பிள்ளைக்கு வலிப்பு வந்தால் அரசு மருத்துவமனைக்கு ஓடுகிறோம். ஆடு கழிந்தால் கால்நடை மருந்தகத்துக்கு ஓட்டிப் போகிறோம். கட்டடம் வேறு, துறை வேறு, பாடநூல் வேறு. நிர்வாகத்துக்கு இந்தப் பிரிவு தேவைதான். ஆனால் ஒட்டுண்ணிகள் பல இந்தப் பிரிவுக்குள் அடங்குவதில்லை. வாழ்நாளின் ஒரு பாதியை மனித உடலிலும் மறுபாதியைப் பன்றியிலோ நாயிலோ நத்தையிலோ கொசுவிலோ கழிப்பவை அவை.

புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்கள் என்று உலக சுகாதார நிறுவனம் வகைப்படுத்தியிருக்கும் நோய்கள் நூறு கோடிக்கும் மேற்பட்ட மக்களைத் தாக்குகின்றன. யானைக்கால், ஆற்றுக் குருடு, காலா அசார், நத்தைக் காய்ச்சல், பன்றி நாடாப்புழு நோய், குடற்புழுக்கள், நரம்புச் சிலந்தி எல்லாம் அந்தப் பட்டியலில் உள்ளவை. இவற்றில் பெரும்பாலானவை உடனே கொல்வதில்லை. காலை வீங்க வைக்கும், கண்ணைப் பறிக்கும், பிள்ளையின் வளர்ச்சியைத் தடுக்கும், உழைக்கிறவனைத் திண்ணையில் உட்கார வைக்கும். பாதிக்கப்படுகிறவர்கள் ஏழைகள் என்பதால் மருந்து ஆராய்ச்சிக்குப் பணம் வரவில்லை. இதைப் பலர் சொல்லியிருக்கிறார்கள்; அது முழுக்க உண்மை. ஆனால் இன்று நான் பேசப்போவது இன்னொரு புறக்கணிப்பைப் பற்றி. அந்த ஏழையோடு ஒரே முற்றத்தில் வாழும் விலங்கையும் நம் ஆராய்ச்சி புறக்கணித்தது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒட்டுண்ணி நோயைக் கட்டுப்படுத்துவது என்றால் ஒட்டுண்ணியின் வாழ்க்கைச் சுற்றை அறுப்பது. சுற்றின் எந்தக் கண்ணி இளகியது என்பதை, மனிதரையும் விலங்கையும் சூழலையும் ஒன்றாகப் பார்க்கும் ஆராய்ச்சியால்தான் கண்டுபிடிக்க முடியும். பாதிச் சுற்றை மட்டும் பார்த்து வகுத்த திட்டம் பெரிய வெற்றியைக்கூடத் தரலாம்; ஆனால் கடைசிக் கட்டத்தில் மறுபாதி வந்து அதைத் தடுத்துவிடும். இதை ஆறு கருத்துகளாக விளக்குகிறேன்.

1. ஒட்டுண்ணி நோய்களைப் பற்றிய அறிவின் பெரும்பகுதி விலங்குகளிடமிருந்து வந்தது

பூச்சி, உண்ணி போன்ற கணுக்காலிகள் ஒட்டுண்ணி நோயைப் பரப்பும் என்பதற்கு முதல் உறுதியான சான்று ஒரு மாட்டு நோயிலிருந்து கிடைத்தது. அமெரிக்காவில் டெக்சாஸ் காய்ச்சல் என்ற நோய் மந்தை மந்தையாக மாடுகளைக் கொன்றுகொண்டிருந்தது. தியோபால்ட் ஸ்மித் என்ற மருத்துவரும் ஃபிரெட் கில்போர்ன் என்ற கால்நடை மருத்துவரும் சேர்ந்து உழைத்து, அந்த ஒட்டுண்ணியை உண்ணிகள் கடத்துகின்றன என்று 1893இல் வெளியிட்டார்கள். மருத்துவரும் கால்நடை மருத்துவரும் ஒரே ஆய்வில் இருந்ததை மாணவர்கள் மனத்தில் கொள்ள வேண்டும்.

அதற்கு நான்கு ஆண்டுகள் கழித்து, 1897 ஆகஸ்டில், ரொனால்ட் ராஸ் செகந்தராபாத்தில் கொசுவின் வயிற்றுச் சுவரில் மலேரியா ஒட்டுண்ணியைக் கண்டார். இது நம் பள்ளிப் பாடத்தில் இருக்கிறது. பாடத்தில் அழுத்தமாகச் சொல்லப்படாதது அடுத்த ஆண்டின் கதை. மனித மலேரியாவில் ஆய்வைத் தொடர வழியில்லாமல் போனபோது, அவர் கல்கத்தாவில் பறவைகளின் மலேரியாவை எடுத்துக்கொண்டார். ஒட்டுண்ணி கொசுவின் உமிழ்நீர்ச் சுரப்பியை அடைந்து, அங்கிருந்து அடுத்த பறவைக்குள் போகிறது என்று 1898இல் முழுச் சுற்றையும் காட்டியது அந்தப் பறவை ஆய்வுதான்.

நம் காலத்துச் சான்று ஐவர்மெக்டின். ஜப்பானிய அறிஞர் சதோஷி ஓமுரா மண்ணிலிருந்து பிரித்தெடுத்த ஒரு நுண்ணுயிரில், அமெரிக்காவின் மெர்க் நிறுவனத்தில் வில்லியம் கேம்பெல் குழு புழுக்கொல்லி ஆற்றலைக் கண்டறிந்தது. புழுத்தொற்று ஏற்படுத்தப்பட்ட எலிகளில்தான் அது முதலில் தெரிந்தது. 1981இல் கால்நடை மருந்தாக விற்பனைக்கு வந்தது. குதிரைகளின் தோலில் வாழும் ஆங்கோசெர்கா பேரினப் புழுவின் குஞ்சுகளை இம்மருந்து அழிப்பதைக் கவனித்தார்கள். மனிதரின் ஆற்றுக் குருட்டு நோயை உண்டாக்கும் புழுவும் அதே ஆங்கோசெர்கா பேரினத்தது. அந்தக் கவனிப்பு செனகலில் மனிதச் சோதனைக்கு வழி திறந்தது. 1987இல் மனித மருந்தாக ஏற்கப்பட்டபோது, ஆற்றுக் குருட்டு நோய்க்கு அதை இலவசமாகத் தருவதாக அந்நிறுவனம் அறிவித்தது. 2013இல் கொலம்பியா அந்நோயிலிருந்து விடுபட்ட முதல் நாடு என்று சான்று பெற்றது. 2015இல் ஓமுராவும் கேம்பெலும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

மாடும் சிட்டும் குதிரையும் நமக்கு இவ்வளவு கற்றுத் தந்திருக்க, நோயைக் கட்டுப்படுத்தும் திட்டத்தில் மட்டும் அவற்றுக்கு இடமில்லை என்றால் அது எப்படி முறையாகும்?

2. சுற்றை அறிந்தால் மருந்தில்லாமலும் ஒழிக்கலாம்

இந்தச் சொற்பொழிவின் நடுநாயகமான சான்றுக்கு வருகிறேன்: நரம்புச் சிலந்தி. மூத்தவர்கள் சிலருக்கு இந்தப் பெயர் நினைவிருக்கும். மாணவர்கள் எவரும் இந்த நோயாளியைப் பார்த்திருக்க முடியாது.

குளத்து நீரிலும் கிணற்று நீரிலும் சைக்ளாப்ஸ் என்ற மிக நுண்ணிய நீருயிர் உண்டு. நரம்புச் சிலந்தியின் குஞ்சுகளை விழுங்கிய சைக்ளாப்ஸை நாம் தண்ணீரோடு குடித்துவிட்டால், வயிற்றில் சைக்ளாப்ஸ் செரித்துப்போகும். குஞ்சு உடலுக்குள் புகுந்து வளரும். ஏறத்தாழ ஓராண்டு எந்த அறிகுறியும் இருக்காது. பிறகு ஒரு மீட்டர் நீளம்வரை வளர்ந்த பெண் புழு, பெரும்பாலும் முழங்காலுக்குக் கீழே, கொப்புளத்தை உண்டாக்கித் தோலைத் துளைத்து வெளியே வரும். எரிச்சல் தாங்காமல் நோயாளி காலைத் தண்ணீரில் வைப்பார். அந்த நொடியில் புழு ஆயிரக்கணக்கான குஞ்சுகளை நீரில் விடும். சைக்ளாப்ஸ் அவற்றை விழுங்கும். சுற்று முடிந்தது. இந்த நீருயிரின் பங்கை ரஷ்ய அறிஞர் அலெக்சி ஃபெட்சென்கோ 1870ஆம் ஆண்டளவில் மத்திய ஆசியாவில் கண்டறிந்தார்.

இந்த நோய்க்கு அன்றும் இன்றும் மருந்து கிடையாது, தடுப்பூசியும் கிடையாது. புழுவைச் சிறு குச்சியில் சுற்றி, அறுந்துவிடாமல் நாள்கணக்கில் மெல்ல இழுப்பதுதான் மருத்துவம். விதைப்புக் காலத்திலோ அறுவடைக் காலத்திலோ வீட்டுக்கு இரண்டு பேர் இப்படிப் படுத்துவிட்டால் அந்த ஆண்டு அந்தக் குடும்பம் என்ன ஆகும் என்பதை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

இந்தியா இதை ஒழித்தது. 1980களின் தொடக்கத்தில் தேசியத் திட்டம் தொடங்கியபோது ஏழு மாநிலங்களின் 89 மாவட்டங்களில், 12,840 ஊர்களில் ஏறத்தாழ 40,000 பேருக்கு இந்நோய் இருந்தது. அந்த ஏழில் தமிழ்நாடும் ஒன்று. முதலில் விடுபட்டதும் தமிழ்நாடே. கடைசி நோயாளி 1996 ஜூலையில் ராஜஸ்தானின் ஜோத்பூர் மாவட்டத்தில் பதிவானார். 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் இந்தியா நரம்புச் சிலந்தி அற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது.

எப்படி முடிந்தது? மக்கள் இறங்கித் தண்ணீர் எடுத்த படிக்கிணறுகளை, கால் நீரில் படாதபடி மாற்றிக் கட்டினார்கள். கைப்பம்புகள் போட்டார்கள். தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் குடிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். டெங்குக் காலத்தில் கொசு ஒழிப்புப் பணியாளர்கள் நம் வீட்டுத் தொட்டிகளில் ஊற்றுகிறார்களே, அந்த அபேட் மருந்தைக் கிணறுகளில் இட்டு சைக்ளாப்ஸை அழித்தார்கள். நோயாளிகளை வீடு வீடாகத் தேடி, புழு வெளியேறும்வரை அவர்கள் நீர்நிலையில் இறங்காதபடி பார்த்துக்கொண்டார்கள். ஒவ்வொரு செயலும் சுற்றின் ஒரு கண்ணியைக் குறிவைத்தது. மாத்திரை இல்லாத நோயை அறிவால் மட்டும் ஒழித்துக் காட்டியது நம் நாட்டின் பொதுச் சுகாதார வரலாற்றில் மிகப் பெருமைக்குரிய செயல். அதைச் செய்தவர்கள் ஊர்ப்புறச் சுகாதாரப் பணியாளர்கள். அவர்கள் பெயரால் ஒரு நினைவுத்தூண்கூட இல்லாதது எனக்கு வருத்தம்.

3. பாராமல் விட்ட பாதி திரும்பி வரும்

1986இல் உலகில் ஏறத்தாழ 35 லட்சம் பேருக்கு நரம்புச் சிலந்தி இருந்தது. அமெரிக்க முன்னாள் குடியரசுத் தலைவர் ஜிம்மி கார்ட்டர் நிறுவிய கார்ட்டர் மையம் உலக அளவிலான ஒழிப்பு முயற்சியை முன்னின்று நடத்தியது. 1995இல் சூடானின் உள்நாட்டுப் போரில், சுகாதாரப் பணியாளர்கள் ஊர்களுக்குள் போவதற்காகவே கார்ட்டர் ஒரு போர்நிறுத்தத்தைப் பேசி முடித்தார். 2015இல் நோயாளிகள் 22 பேர் மட்டுமே. பெரியம்மைக்குப் பிறகு மனிதகுலம் ஒழிக்கும் இரண்டாவது மனித நோய் இதுவே என்று எல்லோரும் எதிர்பார்த்தோம்.

ஆனால் ஆப்பிரிக்காவின் சாட் நாட்டில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. அங்கே பத்தாண்டுக் காலம் நோயாளி எவரும் பதிவாகவில்லை. 2010இல் திடீரென 10 பேர். அவர்களும் ஒரே கிணற்று நீரைக் குடித்த ஒரே ஊர்க்காரர்கள் அல்லர். சாரி ஆற்றங்கரை நெடுக அங்கொருவர் இங்கொருவராகச் சிதறி இருந்தார்கள். நரம்புச் சிலந்தி அப்படிப் பரவாது என்று பாடநூல் சொன்னது. 2012இல் விடை தெரியத் தொடங்கியது: மீனவர் ஊர்களின் நாய்களின் கால்களிலிருந்து புழுக்கள் வெளியேறிக்கொண்டிருந்தன. மரபணு ஆய்வு, நாயிலும் மனிதரிலும் இருப்பது ஒரே இனப் புழு என்று காட்டியது. 2019இல் சாட் நாட்டில் மட்டும் 1,900க்கும் மேற்பட்ட நாய்களில் தொற்று பதிவானது. எத்தியோப்பியாவின் கம்பெல்லாப் பகுதியில் நாய்களோடு பபூன் குரங்குகளிலும் கண்டார்கள். மாலி நாட்டிலும் நாய்களில் இருந்தது.

நாய்க்கு இந்தப் புழு வரும் என்பது புதிய செய்தி அல்ல. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மத்திய ஆசியாவின் புகாராவில் நோயை ஒழித்தபோதே நாய்களில் கண்டிருந்தார்கள். ஆனால் மனிதரிடம் நின்றால் விலங்கிலும் தானாக நின்றுவிடும் என்று நம்பினார்கள். பல நாடுகளில் அந்த நம்பிக்கை பொய்க்கவில்லை. அதனாலேயே அதை யாரும் கேள்வி கேட்கவில்லை.

அடுத்த கேள்வி: நாய்க்கு எப்படி வருகிறது? நாய் நக்கிக் குடிக்கும்போது சைக்ளாப்ஸ் விலகி ஓடிவிடும். தண்ணீர் வழியாக மட்டும் இவ்வளவு தொற்று வர வாய்ப்பில்லை. ஜார்ஜியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சோதனைக்கூடத்தில், சைக்ளாப்ஸைத் தின்ற மீனும் தவளையும் புழுக்குஞ்சைச் சுமந்து கடத்த முடியும் என்று காட்டினார்கள். எக்ஸிட்டர் பல்கலைக்கழகத்தினர் சாட் நாட்டு நாய்களுக்கு ஜி.பி.எஸ். பட்டை கட்டி அவற்றின் நடமாட்டத்தையும், மீசை மயிரில் பதிந்த ஐசோடோப்புகளைக் கொண்டு அவற்றின் உணவையும் ஆராய்ந்தார்கள். மீன்பிடிப் பருவத்தில் மீனவர்கள் ஒதுக்கும் மீனும் மீன்கழிவுமே முதன்மையான வழி என்ற முடிவுக்கு இந்த ஆய்வுகள் இட்டுச் சென்றன.

இங்கேதான் ஆராய்ச்சியின் அருமை தெரிகிறது. விடை கிடைத்ததும் செய்ய வேண்டியதும் தெளிவானது. மீன் குடலைப் புதைக்க வேண்டும். மீனை நன்றாக வேகவைக்க வேண்டும். புழு வெளியேறும் நாயைக் கட்டிவைக்க வேண்டும். அப்படிக் கட்டி வைத்தவருக்கும் செய்தி சொன்னவருக்கும் பரிசுத் தொகை தர வேண்டும். தேங்கிய நீரில் அபேட் ஊற்ற வேண்டும். நாய்களைக் கொன்று குவிக்கும் வழியை அவர்கள் எடுக்கவில்லை. நாயை வளர்க்கிறவரைத் துணையாக்கிக்கொண்டார்கள். நாய்த்தொற்று ஆண்டுக்கு ஆண்டு குறைந்து சில நூறுகளுக்கு வந்தது. 2023இல் உலகம் முழுவதும் மனிதத் தொற்று 14. ஒழிப்பு இலக்கு 2030க்குத் தள்ளிப்போனது. முயற்சியை முன்னின்று நடத்திய கார்ட்டர் 2024 டிசம்பரில் மறைந்தார், இலக்கை எட்டிய செய்தியைக் கேட்காமலேயே. நாயைப் பற்றிய ஆய்வு இருபது ஆண்டுகள் முன்பே நடந்திருந்தால் என்ற ஆதங்கம் எனக்கு உண்டு.

4. விலங்குக்கு நோவில்லை என்றால், உரியவருக்கு என்ன ஆதாயம்?

இனி நம் ஊருக்கு வருவோம். பன்றி நாடாப்புழு மனிதக் குடலில் மீட்டர் கணக்கில் வளரும். அதன் முட்டைகள் மலத்தில் வெளியேறும். திறந்தவெளி மலத்தைத் தின்னும் பன்றியின் தசையில் அவை நீர்க்கட்டிகளாகும். அந்த இறைச்சியைச் சரியாக வேகவைக்காமல் தின்றவரின் குடலில் மறுபடி நாடாப்புழு. இது வழக்கமான சுற்று. இதில் ஒரு கிளை வழி இருக்கிறது, அதுதான் கொடியது: முட்டைகள் கை வழியாகவோ காய்கறி வழியாகவோ தண்ணீர் வழியாகவோ இன்னொரு மனிதரின் வாய்க்குள் போனால், அவர் மூளையிலேயே கட்டி உண்டாகும். வலிப்பு வரும். பன்றி இறைச்சியைத் தொட்டே அறியாத சைவ உணவுக்காரருக்கும் வரும். இந்த உண்மையை நம் மக்கள் இன்னும் அறியவில்லை. வலிப்பு வந்த பிள்ளையைப் பேய்பிடித்ததாகச் சொல்லிக் கோயில் கோயிலாக அழைத்துப் போகிறவர்கள் இன்றும் உண்டு.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் ஆய்வாளர்கள், குறிப்பாக நரம்பு அறுவை மருத்துவர் வேதாந்தம் ராஜசேகரும் அவருடன் உழைத்தவர்களும், இந்தத் துறையில் உலகம் மதிக்கும் பணியைச் செய்திருக்கிறார்கள். வேலூர் வட்டாரத்தில் அவர்கள் நடத்திய சமூக ஆய்வில், வலிப்பு நோயாளிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்கு இந்த மூளைக்கட்டி காரணமாகத் தெரிந்தது. தடுக்கக்கூடிய வலிப்பு, தடுக்கப்படாமல் நம் நடுவே இருக்கிறது என்று பொருள்.

தடுக்க முடியுமா? பெரு நாட்டின் வடக்கே தும்பெஸ் பகுதியில் முடித்துக் காட்டினார்கள். ஹெக்டர் கார்சியாவும் அவர் குழுவும் 2016இல் வெளியிட்ட முடிவுகளின்படி, இறுதிக் கட்டத்தில் 107 ஊர்களில் 81,170 மக்களும் 55,638 பன்றிகளும் திட்டத்துக்குள் கொண்டுவரப்பட்டனர். மக்களுக்கு நாடாப்புழு மாத்திரை; பன்றிகளுக்கு ஆக்ஸ்ஃபெண்டசோல் மருந்தும் தடுப்பூசியும். 105 ஊர்களில் பரவல் நின்றது. பன்றித் தடுப்பூசியின் அடிப்படையை ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் பல்கலைக்கழகத்தில் மார்ஷல் லைட்டவ்லர்ஸ் உருவாக்கினார். அதைத் தொழிற்சாலையில் தயாரிப்பது நம் ஐதராபாத்தின் இந்தியன் இம்யூனாலஜிக்கல்ஸ் நிறுவனம். ஊசி நம் நாட்டில் தயாராகிறது. நம் ஊர்ப் பன்றிகளுக்கு அதைப் போடும் பெருந்திட்டம்தான் இல்லை.

ஏன் இல்லை? மருத்துவ மாணவர்கள் பெரும்பாலும் நினைத்துப் பார்க்காத காரணம் ஒன்றைச் சொல்கிறேன். நீர்க்கட்டி உள்ள பன்றிக்கு வெளியே நோய் தெரியாது. தின்னும், கொழுக்கும், விலை போகும். வளர்ப்பவர் தன் கைப்பணத்தைப் போட்டு ஏன் ஊசி போட வேண்டும்? பயன் அடைகிறவர் யாரோ ஒரு தெருவில் வலிப்பு வராமல் தப்பும் குழந்தை. செலவு கால்நடை வளர்ப்பவருக்கு, பயன் பொதுச் சுகாதாரத்துக்கு என்று பிரிந்து கிடக்கும்போது, அந்தச் செலவைப் பொதுப்பணம்தான் ஏற்க வேண்டும். ஆக்ஸ்ஃபெண்டசோல் மருந்து பன்றியின் மற்ற குடற்புழுக்களையும் போக்கும் என்பதை எடுத்துச் சொன்னால் வளர்ப்பவருக்கும் ஆதாயம் புரியும். மனிதரும் பன்றியும் பிழைப்பும் ஒரே கணக்கில் வரும் ஆராய்ச்சிதான் இந்த வழிகளைக் கண்டுபிடிக்கும்.

சீனாவிலிருந்து இதற்குத் துணையாக ஒரு சான்று. அங்கே நத்தை வழியாகப் பரவும் குருதிப் புழுவை எருமைகளும் மாடுகளும் சுமந்தன. மக்களுக்கு மட்டும் மருந்து கொடுத்துக்கொண்டிருந்தவரை தொற்று திரும்பத் திரும்ப வந்தது. போயாங் ஏரிப் பகுதியில் மாடுகளை நத்தை வாழும் புல்வெளிகளிலிருந்து விலக்கினார்கள். உழவர்களுக்கு மாற்றாக டிராக்டர் கொடுத்தார்கள். படகுகளில் மலம் சேகரிக்கும் கலன்கள் வைத்தார்கள். ஓர் ஊரில் மனிதத் தொற்று 11.3 விழுக்காட்டிலிருந்து ஒரு விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. எருமையை வைத்துப் பிழைக்கிறவருக்கு வேறு வழியும் காட்டினார்கள் என்பதைக் கவனியுங்கள்.

5. எல்லா நோய்க்கும் விலங்கு காரணமல்ல. ஆனால் எல்லா நோயிலும் கேள்வி தேவை

இங்கே ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும். எல்லா நோய்க்கும் விலங்கைக் குற்றம் சொல்வது அறிவியல் ஆகாது. தமிழ்நாட்டில் யானைக்கால் நோயை உண்டாக்கும் உச்செரீரியா புழுவுக்கு மனிதரைத் தவிர வேறு விலங்குத் தேக்கம் இல்லை. அதனால் மக்களுக்கு ஆண்டுதோறும் மாத்திரை கொடுத்து, கொசுவைக் கட்டுப்படுத்தினால் போதும். அந்தப் பணியில் மாட்டையும் நாயையும் இழுக்கத் தேவையில்லை.

ஆனால் யானைக்கால் நோயையே உண்டாக்கும் இன்னொரு புழு இருக்கிறது, புரூஜியா. கேரளத்தின் சேர்த்தலைப் பகுதி இதற்குப் பெயர்பெற்றது. புதுச்சேரியின் நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் அங்கே குளங்களின் நீர்த்தாவரங்களை அகற்றி, அவற்றை அண்டி வளரும் கொசுவைக் குறைக்க மக்களோடு சேர்ந்து பணியாற்றியது. தென்கிழக்கு ஆசியாவில் புரூஜியாவின் ஒரு வகை பூனைகளிலும் குரங்குகளிலும் வாழ்கிறது. யானைக்கால் நோயைப் பொதுச் சுகாதாரச் சிக்கல் என்ற நிலையிலிருந்து நீக்கிவிட்டதாக இலங்கை 2016இல் சான்று பெற்றது. அது பாராட்டுக்குரிய சாதனை. அதே இலங்கையில், சில பத்தாண்டுகளாகக் காணாமல் போயிருந்த புரூஜியா மறுபடி தலைகாட்டியது; தேடிப் பார்த்தபோது நாய்களிலும் பூனைகளிலும் தொற்று இருந்தது.

ஒரே நோய், இரண்டு புழு, இரண்டு வழி. எந்த இடத்தில் எந்தப் புழு, அது எந்த விலங்கில் தங்குகிறது என்பதை ஊர் ஊராகக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் ஒரே திட்டத்தை எல்லா ஊருக்கும் விரித்தால், வெற்றிச் சான்றிதழுக்குப் பிறகும் நோய் ஒளிந்திருக்கும்.

6. கால்நடை மருத்துவம் பட்ட பாட்டை மனித மருத்துவம் படக் கூடாது

இந்தியாவில் 2015 முதல் தேசியக் குடற்புழு நீக்க நாள் கடைப்பிடிக்கப்படுகிறது. 1 வயது முதல் 19 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு அல்பெண்டசோல் மாத்திரை தரப்படுகிறது. இரத்தசோகையைக் குறைக்கும் நல்ல திட்டம். அது தொடர வேண்டும்.

ஆனால் கால்நடை மருத்துவம் ஆட்டுப் பட்டியில் கற்ற பாடத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. அல்பெண்டசோலும் அதன் குடும்ப மருந்துகளும் செம்மறி ஆடுகளுக்குப் பல பத்தாண்டுகளாகக் கொடுக்கப்பட்டன. ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப, எடை பார்க்காமல், குறைந்த அளவில் கொடுத்ததால், ஆட்டின் இரத்தம் உறிஞ்சும் ஹீமாங்கஸ் புழு மருந்துக்கு அசையாமல் நிற்கும் நிலை உலகெங்கும் வந்துவிட்டது. தமிழ்நாட்டு ஆட்டுப் பண்ணைகளிலிருந்தும் இத்தகைய அறிக்கைகள் வந்திருக்கின்றன. ஐவர்மெக்டினும் பல நாடுகளின் ஆட்டுப் பட்டிகளில் தோற்றுக்கொண்டிருக்கிறது. கால்நடை மருத்துவர்கள் இதை அளக்க எளிய சோதனை வைத்திருக்கிறார்கள்: மருந்துக்கு முன்னும் பின்னும் சாணத்தில் உள்ள புழு முட்டைகளை எண்ணி, எவ்வளவு குறைந்தது என்று பார்ப்பது. இதே சோதனையைத் தேர்ந்தெடுத்த பள்ளிகளில் ஆண்டுதோறும் செய்தால், எதிர்ப்பாற்றல் தலைதூக்கும் முன்பே தெரிந்துவிடும். கோடிக்கணக்கான பிள்ளைகள் நம்பியிருக்கும் ஒரே மாத்திரை பயனற்றுப் போன பிறகு விழித்துக்கொள்வதில் பொருளில்லை.

செய்ய வேண்டியவை

மனிதருக்கே பணம் போதாதபோது பன்றிக்கும் நாய்க்கும் செலவிடலாமா என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. பெருவும் சாடும் சீனாவும் தரும் விடை இது: விலங்கை விட்டுவிட்டு மனிதருக்கு மட்டும் செய்யும் செலவை ஆண்டுதோறும் மறுபடி செய்துகொண்டே இருக்க வேண்டும். சுற்றை அறுத்தால் அந்தச் செலவு ஒரு நாள் நிற்கும். 2011இல் உலகம் மாட்டு வெக்கை நோயை முற்றாக ஒழித்தது. மனிதகுலம் இதுவரை ஒழித்த இரண்டு நோய்களில் ஒன்று மனித நோய், மற்றொன்று மாட்டு நோய். கால்நடை மருத்துவம் ஒழிப்புப் பணியைக் கடைசிவரை கொண்டுசெல்லும் ஆற்றல் உள்ள துறை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

ஆகவே அரசுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் இந்த அவையின் வழியாக நான் முன்வைக்கும் வேண்டுகோள்கள் இவை.

அ. மூளை ஸ்கேனில் நாடாப்புழுக் கட்டி கண்டறியப்படும் ஒவ்வொரு நோயாளிக்கும், அவர் வீட்டாரின் மலப் பரிசோதனையும், அந்த வட்டாரப் பன்றிகளின் பரிசோதனையும் தொடர வேண்டும். மருத்துவமனையின் செய்தி கால்நடைத் துறைக்கும், இறைச்சிக்கூடத்தில் கண்ட கட்டியின் செய்தி பொதுச் சுகாதாரத் துறைக்கும் போய்ச் சேரும் நிலையான ஏற்பாடு வேண்டும்.

ஆ. பன்றித் தடுப்பூசியையும் மருந்தையும் பொதுச் சுகாதாரச் செலவாகக் கருதி, ஒரு மாவட்டத்தில் முன்னோடித் திட்டமாகத் தொடங்க வேண்டும்.

இ. கழிப்பறை கட்டிக் கொடுத்ததோடு நிற்காமல், தண்ணீர் வசதியோடு அது பயன்பாட்டில் இருக்கிறதா என்பதை ஒட்டுண்ணிக் கட்டுப்பாட்டின் அளவுகோலாக எடுக்க வேண்டும்.

ஈ. குடற்புழு மாத்திரையின் ஆற்றலைப் பள்ளிகளில் கண்காணிக்கும் பணியை, முட்டை எண்ணும் முறையில் தேர்ந்த கால்நடை ஒட்டுண்ணியியலாளர்களோடு சேர்ந்து செய்ய வேண்டும்.

உ. முனைவர் பட்ட ஆய்வுகளுக்கு மருத்துவக் கல்லூரியிலிருந்து ஒருவரும் கால்நடை மருத்துவக் கல்லூரியிலிருந்து ஒருவரும் இணைந்து நெறியாளராக இருக்க இடமளிக்க வேண்டும். நல்கைகளும் அப்படியே பகிர்ந்து தரப்பட வேண்டும்.

மாணவர்களே, உங்களுக்கென்று ஒன்று. இந்த நோய்களுக்கு இன்னும் விடை தெரியாத கேள்விகள் ஏராளம். அவற்றில் பலவற்றுக்கு விலையுயர்ந்த கருவிகள் வேண்டாம். நுண்ணோக்கியும், ஊருக்குள் போய் உட்கார்ந்து கேட்கும் பொறுமையும் போதும். மருத்துவ மாணவர் நோயாளியிடம் வீட்டில் என்ன விலங்குகள் இருக்கின்றன என்று கேளுங்கள். கால்நடை மருத்துவ மாணவர் ஆடு மாடு கொண்டுவந்தவரிடம் வீட்டில் யாருக்கு என்ன நோய் என்று கேளுங்கள். கிடைத்த விடையை எழுதி வையுங்கள். மற்ற கல்லூரியில் இருக்கும் ஒருவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். நரம்புச் சிலந்தியை மருந்தில்லாமல் ஒழித்த மாநிலம் நம்முடையது. பன்றி நாடாப்புழுவால் வரும் வலிப்பை ஒழிக்க மருந்தும் இருக்கிறது, ஊசியும் இருக்கிறது, வழியும் தெரிந்திருக்கிறது. உங்கள் தலைமுறை அதைச் செய்து முடிக்க வேண்டும். செய்ய முடியும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.